பாரிஷ் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பங்கா, மாவட்டமா, வேறு எதாவதா?

செவ்வாய்பேட்டை:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகலை அனுப்பினான். அதில் மாவட்டத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஜெஃபர்சன் பாரிஷ்' என்று இருக்கிறது. என்னோடு படித்த கிறிஸ்தவ நண்பர்கள் 'எங்க பாரிஷ் ஃபாதர்' என்று பேசிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாரிஷ். சர்ச் சம்பந்தப்பட்ட சொல் அரசாங்கக் காகிதத்தில் எப்படி வந்தது? அகராதியைப் பார்த்தால் 'ஒரு குருவின் பொறுப்பில் உள்ள வட்டாரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேர்ச்சொல் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நாலு ரோடு:
வணக்கம் அண்ணா. கத்தோலிக்கர்கள் அதைப் 'பங்கு' என்று சொல்வோம். நம் சேலம் மறைமாவட்டம் 1930ல் உருவானது, நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயம் அதன் தலைமைக் கோவில். மறைமாவட்டத்தைப் பல மறைவட்டங்களாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு மறைவட்டத்திலும் சில பங்குகள், ஒரு பங்குக்குக் கீழே கிளைக் கிராமங்கள், அதற்கும் கீழே பத்து முப்பது வீடுகள் சேர்ந்த அன்பியங்கள். பங்கைப் பார்த்துக்கொள்கிறவர் பங்குத்தந்தை, ஊரில் பேச்சுவழக்கில் பங்குச் சாமியார். வேர்ச்சொல் பற்றிப் பெரியவர்கள் யாராவது சொல்லட்டும்.

ஓமலூர்:
நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் கணக்கு எனக்குத் தெரியும். அந்தப் பகுதி முதலில் பிரெஞ்சுக்காரர்கள் கையிலும் பிறகு ஸ்பெயின் கையிலும் இருந்தது. இரண்டும் கத்தோலிக்க அரசுகள், அதனால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பங்கு வாரியாகத்தான் பதிவானது, மக்களும் தங்கள் இடத்தைப் பங்கின் பெயரால்தான் சொன்னார்கள். 1803ல் அமெரிக்கா அந்த நிலத்தை வாங்கியது. மற்ற மாநிலங்களைப் போல 'கவுண்டி' என்று பிரித்துப் பார்த்தார்கள், சரியாக ஒட்டவில்லை. 1807ல் பாரிஷ் என்றே பிரித்தார்கள். இன்றைக்கு அங்கே 64 பாரிஷ்கள். சர்ச்சுக்கும் அந்த நிர்வாகத்துக்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஜமைக்காவிலும் பாரிஷ்கள் உண்டு, பார்படோசில் 11 பாரிஷ்கள், அங்கே ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள்.

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஷ் என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 1300 வாக்கில், பிரெஞ்சு வழியாக. அதற்கு முன்னால் பழைய ஆங்கிலத்தில் 'பிரெயோஸ்ட் ஷிர்' என்று ஒரு சொல் புழங்கியது, குருவின் வட்டாரம் என்று பொருள். உங்கள் அகராதி சொன்ன அர்த்தம் செத்துப்போன அந்தச் சொல்லுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பாரிஷ் என்ற சொல்லுக்குள் குருவும் இல்லை, வட்டாரமும் இல்லை.

பிரெஞ்சுக்கு முன் லத்தீனில் 'பரோக்கியா', அதற்கும் முன் கிரேக்கத்தில் 'பரோய்க்கியா'. 'பரா' என்றால் பக்கத்தில், 'ஓய்கோஸ்' என்றால் வீடு. 'பரோய்கோஸ்' என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவன், அதாவது அண்டைவீட்டுக்காரன். ஆனால் காலப்போக்கில் அந்தச் சொல் வேறொரு ஆளைக் குறிக்கத் தொடங்கியது. ஊருக்குள் குடியிருக்கிறான், வேலை செய்கிறான், ஆனால் அந்த ஊர்க்காரன் இல்லை, ஊர் உரிமை அவனுக்குக் கிடையாது. வந்தேறி என்று நாம் சொல்வோமே, அந்த ஆள்.

அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது (கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை அது) எபிரேயத்தில் 'கேர்' என்று இருந்த இடங்கள் சிலவற்றில் 'பரோய்கோஸ்' என்று போட்டார்கள். 'கேர்' என்றால் சொந்த மண்ணை விட்டு வந்து இன்னொருவர் மண்ணில் தங்கியிருப்பவன். முதல் கிறிஸ்தவர்கள் படித்தது பெரும்பாலும் இந்தக் கிரேக்க வேதத்தைத்தான், சொல்லை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 96 வாக்கில் ரோம் சபையிலிருந்து கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் போனது, கிளமெந்தின் கடிதம் என்பார்கள். அதன் முதல் வரியே 'ரோமில் அந்நியராய்த் தங்கியிருக்கும் கடவுளின் சபை, கொரிந்தில் அந்நியராய்த் தங்கியிருக்கும் கடவுளின் சபைக்கு எழுதுவது' என்ற கருத்தில்தான் தொடங்கும். அங்கே வருவது இதே சொல்லின் வினை வடிவம். அரை நூற்றாண்டு கழித்து ஸ்மிர்னா சபை, தன் ஆயர் (பிஷப்) பொலிகார்ப் கொல்லப்பட்டதை எழுதிய கடிதத்திலும் அதே பாணி. நாங்கள் இந்த ஊரில் தங்கியிருப்பவர்கள், இந்த ஊருக்குச் சொந்தமானவர்கள் இல்லை என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். அப்படித் தங்கியிருக்கும் கூட்டத்துக்குப் பெயர் 'பரோய்க்கியா'.

இன்னொன்று, அந்தக் காலத்தில் பரோய்க்கியா என்பது இன்றைய பங்கு அளவு கிடையாது. ஒரு நகரத்து ஆயரும் அவரைச் சேர்ந்த மக்களும் எல்லாமாகச் சேர்ந்து ஒரு பரோய்க்கியா. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ்கூட அப்படித்தான் பயன்படுத்துகிறார். பிறகு கிராமப்புறங்களில் கோவில்கள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரு போனார். ஆயரின் பெரிய பகுதிக்கு 'டயோசிஸ்' என்ற சொல் நிலைத்தது, பழைய சொல் சின்னப் பகுதிக்கு இறங்கியது.

சூரமங்கலம்:
ஐயா, ஒரு சந்தேகம். தமிழ் வேதாகமத்தில் 'தேவனுடைய வலது பாரிசத்தில்' என்று வருகிறதே. பாரிசம் என்றால் பக்கம். நீங்களும் பரா என்றால் பக்கத்தில் என்கிறீர்கள். பாரிஷ் என்பதே நம் பாரிசத்திலிருந்து போனது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது, அது உண்மையா? அப்புறம் டயோசிஸ் என்பது டயோக்ளீஷியன் என்ற ரோம ராஜாவின் பெயரிலிருந்து வந்தது என்றும் அதிலேயே போட்டிருந்தார்கள்.

பழைய வாத்தியார்:
இரண்டும் இல்லை. பாரிசம், வடமொழி 'பார்சுவ'த்திலிருந்து வந்தது. அதன் அடி 'பர்சு', விலா எலும்பு. விலாப்பக்கம் என்பதுதான் பொதுவாகப் பக்கம் என்று ஆயிற்று. பாரிஷுக்கு நடுவில் ஒரு 'ஓய்கோஸ்' மறைந்து கிடக்கிறது, வீடு என்ற அந்தப் பாதி பாரிசத்தில் கிடையாது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்ல முடியாது.

டயோக்ளீஷியன் கதை ஏன் பரவியது என்பது புரிகிறது. 284 முதல் 305 வரை ஆண்ட அவர்தான் ரோம மாகாணங்களைச் சேர்த்து 12 பெரிய டயோசிஸ்களாக ஆக்கினார். ஆனால் பெயர் அவரிடமிருந்து வந்ததல்ல. 'டியோய்கேசிஸ்' என்றால் வீட்டை நடத்துவது, அதிலிருந்து நிர்வாகம். அவருடைய பெயரில் இருப்பது கிரேக்கக் கடவுள் சேயுஸின் பெயர். ஒரு விஷயம் பாருங்கள், டயோசிஸுக்குள்ளும் அதே ஓய்கோஸ்தான். பாரிஷில் வீட்டுக்குப் பக்கத்தில், டயோசிஸில் வீட்டை நடத்துதல். 'எகானமி' என்ற சொல்லிலும் அதே வீடுதான். 1866ல் ஹெக்கல் உண்டாக்கிய 'எக்காலஜி'யிலும் அதுதான்.

அஸ்தம்பட்டி:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் இல்லை. எங்கள் பக்கத்தில் பங்கு என்று சொல்வதில்லை, பாஸ்ட்ரேட் அல்லது சேகரம் என்போம், டயோசிஸுக்குத் திருமண்டலம். சேலத்துக்கு 1827ல் வந்தது லண்டன் மிஷனரி சங்கம். அவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள். அந்த மரபில் ஒரு எல்லைக்கோட்டுக்குள் குடியிருப்பதால் யாரும் சபையில் சேர்ந்துவிட முடியாது, விசுவாசத்தால் கூடி வருகிறவர்கள்தான் சபை. இங்கிலாந்தில் பாரிஷ் முறையை ஒத்துக்கொள்ளாமல் வெளியே நின்றவர்கள் அவர்கள்.

ஆனால் வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்த பிறகு வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். 'பரோய்கோஸ்' வரும் இடங்களில் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால், 'பரதேசி' அல்லது 'அந்நியன்'. 'பூமியிலே நான் பரதேசி' என்ற 119ஆம் சங்கீதம், கிரேக்கத்தில் அந்தச் சொல்தான். பேதுருவின் முதல் நிருபம் 2:11, 'அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற' என்ற இடமும் அப்படித்தான். எபேசியர் 2:19ல் பவுல் சொல்கிறார், நீங்கள் இனி 'அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்' தேவனுடைய வீட்டாராயிருக்கிறீர்கள் என்று. கிரேக்கத்தில் ஒரே வசனத்துக்குள் பரோய்கோஸும் வருகிறது, ஓய்கோஸிலிருந்து பிறந்த 'வீட்டார்' என்ற சொல்லும் வருகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். தமிழில் இத்தனை வருஷமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல்லாட்சியைத் தமிழ் வழியாகப் பார்க்க வழியே இல்லை.

எல்லாவற்றையும்விட ஆதியாகமம் 23 என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆபிரகாமின் மனைவி சாராள் இறந்துபோகிறாள். ஆபிரகாம் அந்த ஊர்க்காரர்களான ஏத்தின் புத்திரரிடம் போய், நான் உங்கள் நடுவில் அந்நியன், பரதேசி, என் இறந்தவளை அடக்கம் செய்ய எனக்கு ஒரு கல்லறைப் பூமி கொடுங்கள் என்று கேட்கிறான். அங்கேயும் பரோய்கோஸ்தான். ஆடு மாடு, வேலைக்காரர், வெள்ளி எல்லாம் அவனிடம் இருக்கிறது. அடக்கம் செய்ய ஆறடி மண் இல்லை. வந்தேறியின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். 'பரதேசி' என்பது இன்றைக்கு நம் ஊரில் வசவாகப் போய்விட்டது, அது வேறு வருத்தம்.

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், அஸ்தம்பட்டி அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா கீழே இருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர். இங்கே மலையாளி என்ற பழங்குடி மக்களுக்குச் சேலநாடு, மொகாநாடு, முட்டநாடு என்று பிறப்பிலேயே ஒரு நாடு உண்டு, இன்ன நாட்டுக்காரர் என்று சொன்னால் போதும். எஸ்டேட் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எந்த எஸ்டேட்டில் பேர் போட்டிருக்கிறதோ அதுதான் ஊர். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். என் அப்பா கல்யாணத்துக்கு முன் ஒரு எஸ்டேட், பின் ஒரு எஸ்டேட், நான் பிறந்தது இன்னொன்றில். காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் ஒரு இடம், மிளகு பறிக்கிற காலத்தில் ஒரு இடம் என்று அம்மா அலைந்ததும் உண்டு. அதற்கேற்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் கோவிலும் மாறும்.

இப்போது நான் சேலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன், வாராவாரம் மலைக்குப் போய்வருகிறேன். தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்து, கோவிலில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தை முன்கூட்டி அறிவிக்க, கேட்கப் போனால், உங்கள் பங்கு எது, அங்கிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். பழைய பங்குக்குப் போனால், நீங்கள் இங்கே இல்லாமல் பல வருஷம் ஆகிறதே, குடும்ப அட்டையில் பெயர் எடுத்தாகிவிட்டது என்றார்கள். கீழே இருப்பவர்கள், நீங்கள் வாடகைக்கு வந்தவர்கள், இன்னும் எங்கள் அன்பியத்தில் சேரவில்லை என்கிறார்கள். யாரும் தப்பாகப் பேசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு பக்கமும் போய்விட்டு வெளியே வந்து நின்றபோது தங்கை கேட்டாள், அப்ப நாம எந்தப் பங்கு என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இடம் இல்லாதவர்களுக்கு வைத்த பெயர்தான் பாரிஷ் என்று இங்கே படிக்கிறேன். அப்படியென்றால் எங்களுக்குத்தானே அது முதலில் பொருந்த வேண்டும்?

மரவனேரி:
தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் பங்குப் பேரவையில் இருந்தவள். எல்லை இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லாமல் போய்விடும் அப்பா. இன்ன தெருவில் ஒரு பாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்றால் நன்மை (நற்கருணை) கொண்டுபோய்க் கொடுப்பது யார்? ஒருவர் இறந்துபோனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பது யார்? எல்லாக் குருவும் எல்லோருக்கும் என்றால் யாரும் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும். ஓலை வாசிப்பதும் கடிதம் கேட்பதும் ஏற்கெனவே மணமானவர்கள் மறைத்துவிட்டு வரக்கூடாது என்பதற்காகத்தான். ஏமாந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கோடு போட்டதில் தப்பில்லை. கோட்டில் நிற்கிறவர்களைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

பழைய வாத்தியார்:
காப்பித்தோட்டம் தம்பியின் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது, சந்தோஷமான பதில் இல்லை.

இங்கிலாந்தில் 1538ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கத்தோலிக்கப் பக்கத்தில் 1563ல் ஆயர்களின் பெரிய கூட்டமான திரிதெந்து சங்கம், பங்குகளுக்குத் தெளிவான எல்லை வேண்டும், கல்யாணம் பங்குக் குருவின் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று வைத்தது. மரவனேரி அம்மா சொன்ன மறைத்துச் செய்யும் கல்யாணங்கள்தான் அந்தச் சட்டத்துக்கு முக்கியக் காரணம். இதுவரை சரி.

1601ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் வந்தது. ஏழைகளுக்குச் சோறு போடுவது அந்தந்தப் பாரிஷின் கடமை, அதற்கு வீட்டுக்காரர்களிடம் வரி. நல்ல சட்டம்தான். ஆனால் செலவு என்று வந்ததும் யார் நம் ஆள், யார் வெளியாள் என்ற கணக்கு வந்துவிட்டது. 1662ல் குடியேற்றச் சட்டம். ஒரு பாரிஷுக்குப் புதிதாக வந்தவன் வருஷத்துக்குப் பத்து பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் இருந்தால், இவன் நம் தலையில் விழுவான் என்று புகார் கொடுத்து, 40 நாளுக்குள் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் அவனைப் பழைய பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். பிறகு ஒரு முழு வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்தால் அந்தப் பாரிஷில் உரிமை கிடைக்கும் என்று திருத்தம் வந்தது, அதைத் தவிர்க்கப் பண்ணைக்காரர்கள் பலர் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். 1697ல் பாரிஷ் உதவி வாங்குகிறவர்கள் தோளில் துணியில் 'பி' என்ற எழுத்தும் பாரிஷின் முதலெழுத்தும் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். அதே வருஷத்துச் சட்டம்தான், சொந்தப் பாரிஷிலிருந்து 'இவன் எங்கள் ஆள், நாங்கள் பொறுப்பு' என்று கடிதம் கொண்டுவந்தால் வேறு இடத்தில் தங்கலாம் என்ற ஏற்பாட்டையும் பெரிதாக்கியது.

அதாவது, நாங்கள் எல்லோரும் இங்கே அந்நியர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் வைத்த பெயர், அந்நியனை வெளியே அனுப்பும் எல்லையின் பெயராக ஆயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நாலு ரோடு:
காப்பித்தோட்டம் அண்ணா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதில் தயங்க வேண்டியதே இல்லை. திருச்சபைச் சட்டம், 1983ல் வந்த தொகுப்பு, மிகத் தெளிவாக இருக்கிறது. எண் 102ஐப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் நிரந்தரமாக இருக்கும் எண்ணத்தோடு குடிவந்தால் அன்றைக்கே உங்களுக்கு அங்கே குடியுரிமை, எண்ணம் இல்லாவிட்டாலும் 5 வருஷம் இருந்துவிட்டால் போதும். குறைந்தது 3 மாதம் இருக்கும் எண்ணத்தோடு வந்தாலோ, 3 மாதம் இருந்துவிட்டாலோ அரைக் குடியுரிமை. வாடகை வீடு, சொந்த வீடு என்று சட்டம் பார்ப்பதில்லை. அன்பியத்தில் பெயர் இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை.

கல்யாணத்துக்கு எண் 1115. மணமகன், மணமகள் இருவரில் ஒருவர் ஒரு மாதம் தங்கியிருந்தாலே அந்தப் பங்கில் கல்யாணம் நடத்தலாம். ஒரு மாதம், அவ்வளவுதான். எந்த இடத்திலும் நிலையாகக் குடியில்லாதவர்களுக்குக்கூட, அப்போது எங்கே இருக்கிறார்களோ அந்தப் பங்குதான் பங்கு. ஆக உங்கள் தங்கைக்குப் பங்கு இல்லை என்று சட்டப்படி யாரும் சொல்லவே முடியாது.

எண் 100ல் லத்தீன் மூலத்தைப் பார்த்தேன். முழுக் குடியுரிமை உள்ளவருக்கு 'இன்கோலா' என்று பெயர். அரைக் குடியுரிமை உள்ளவருக்கு 'அத்வெனா', வந்து சேர்ந்தவர். வாத்தியார் ஐயா, இந்த 'அத்வெனா' எங்கே வருகிறது தெரியுமா? லத்தீன் வேதாகமத்தில் பேதுருவின் முதல் நிருபம் 2:11ல் 'பரோய்கோஸ்' இருக்கும் இடத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். எபேசியர் 2:19லும் அதேதான். ஆகவே அந்தப் பழைய வந்தேறி சட்டப் புத்தகத்துக்குள்ளேயே பெயரோடு இருக்கிறார், அவருக்கு உரிமையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய வாத்தியார்:
இது எனக்குப் புதிது தம்பி. ரொம்ப நன்றி. இத்தனை காலம் எல்லைச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை.

சூரமங்கலம்:
அப்படியானால் தமிழில் ஏன் 'பங்கு' என்று வந்தது? வந்தேறி என்ற கருத்து அதில் துளிகூட இல்லையே. பங்கு என்றால் நமக்கு நிலத்தில் பங்கு, சொத்தில் பங்கு. பங்காளி என்றால் ஒரே வம்சத்தவன், அதாவது பிறப்பாலேயே உள்ளே இருப்பவன். நேர் எதிர்ச்சொல் மாதிரி இருக்கிறது.

பழைய வாத்தியார்:
சரியாகப் பிடித்தீர்கள். பங்கு என்ற சொல்லுக்கு நெருக்கமான கிரேக்கச் சொல் 'கிளேரோஸ்'. சீட்டுப் போட்டுப் பிரித்த பாகம் என்று பொருள். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'கிளர்ஜி' வந்தது, ஆபீஸ் 'கிளார்க்'கும் அங்கிருந்துதான். யூதாஸைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 1:17ல் 'இந்த ஊழியத்திலே பங்குபெற்றவனாயிருந்தான்' என்று வரும், பங்கு என்பது அங்கே 'கிளேரோஸ்'. எண்ணாகமம் 18:20ல் கடவுள் குருவான ஆரோனிடம், உனக்கு நிலத்தில் பங்கு கிடையாது, நானே உன் பங்கு என்கிறார். நிலம் இல்லாதவனுக்குக் கடவுளே பங்கு. ஆகவே தமிழ்ச்சொல் இடம்மாறி வந்ததாகத் தோன்றினாலும் அதுவும் நிலமில்லாதவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது. என் அபிப்பிராயம் இது. எனக்குப் பங்கு என்ற சொல் மிகவும் பிடிக்கும். பாரிஷ் என்ற சொல் நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்பதைச் சொல்கிறது, பங்கு என்ற சொல் உனக்கும் இதில் உண்டு என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முதல் கிறிஸ்தவர்கள் சொன்னது முழுசாக வரும்.

1623ல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தாரே, அவரும் இந்த மண்ணில் ஒரு பரோய்கோஸ்தான். ரோமாபுரிப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர், காவி கட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

செவ்வாய்பேட்டை:
ஒரு மாவட்டத்தின் பெயரைக் கேட்கப்போய் இவ்வளவு தெரிந்துகொள்வேன் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நான் இந்து, என் வீடும் ஏதோ ஒரு பங்கின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் யார்?

மரவனேரி:
உள்ளேதான் இருக்கிறீர்கள் தம்பி. எங்கள் பங்குத்தந்தைகளுக்கு எல்லைக்குள் இருக்கும் எல்லோர் மேலும் அக்கறை வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. மழை வெள்ளம் என்று வந்தால் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள் வீட்டு வாசலில் மதம் கேட்பதில்லை.

பழைய வாத்தியார்:
இங்கிலாந்துத் திருச்சபையில் இது சட்டமாகவே இருக்கிறது. பாரிஷ் எல்லைக்குள் குடியிருப்பவர், ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தாலும், இறந்தால் அந்தக் கல்லறைத் தோட்டம் மூடப்படாமல் இருக்கும்வரை அடக்கம் செய்யும் உரிமை உண்டு. ஆபிரகாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அந்த இடம்.

காப்பித்தோட்டம்:
நாலு ரோடு தம்பி, 102, 1115 இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டேன். தங்கையிடமும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள் மாறி மாறிப் போன எல்லாப் பங்குகளிலிருந்தும் கடிதம் வாங்க வேண்டுமா? அதில் ஒரு எஸ்டேட் கைமாறி, எங்களைத் தெரிந்தவர் யாரும் அங்கே இப்போது இல்லை.

நாலு ரோடு:
வேண்டாம் அண்ணா. ஞானஸ்நானம் எங்கே நடந்ததோ அந்தப் பங்கின் பதிவேடுதான் மூலம். உறுதிபூசுதல், கல்யாணம் எல்லாவற்றையும் அந்த ஒரே பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி, வேறு எந்த ஊரில் நடந்தாலும் அங்கே தகவல் போக வேண்டும். அதனால் அந்தப் பங்கிலிருந்து புதிதாக எடுத்த நகல் ஒன்று போதும், ஓரக்குறிப்போடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். பழைய ஞானஸ்நானச் சீட்டு கையில் இருந்தாலும் அது செல்லாது, ஓரக்குறிப்பு அதில் இருக்காது. தங்கையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், பிறந்த வருஷம் இவ்வளவு தெரிந்தால் பதிவேட்டில் தேடி எடுத்துவிடலாம். அதோடு சேலத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, இப்போது குடியிருக்கும் பங்கிலேயே ஓலை வாசிக்கக் கேளுங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டமாக இருக்கும், வாரநாள் காலையில் போனால் அலுவலகத்தில் நிதானமாகப் பேசலாம். நானும் வேண்டுமானால் கூட வருகிறேன், தனிச்செய்தியில் நாள் சொல்லுங்கள்.